ஓராள் குழி

12 பெப்ரவரி 1989, ஞாயிறு, லண்டன்

பூசை முடிந்ததும் 109 பஸ் பிடித்துச் சேமக்காலைக்குப் போனேன். மரச்சிலுவை மறுபடியும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மண்ணைக் காலால் அமத்தி நிமிர்த்திவிட்டேன். அடுத்த குழிக்காரரின் மனைவி, ஒரு வெள்ளைக்காரக் கிழவி, புருசனின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் மனைவிக்கு இன்னும் கல் வைக்கவில்லையே என்று கேட்டாள். அவர் இங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறார் என்றேன். கிழவி துணி பிழிவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினாள்.

வேறு எப்படிச் சொல்வது? முழுக்கதையையும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தமிழில் சொன்னாலே யாழ்ப்பாணத்து ஆட்கள் சிரிக்கிறார்கள்.

மரியமலர் போன நவம்பரில் செத்தாள். இருதயம். கேத்திலைப் போட்டவள், தண்ணீர் கொதித்து அடங்கும்போது குசினி நிலத்தில் கிடந்தாள். இதற்குமேல் இதை எழுதமாட்டேன்.

19 பெப்ரவரி 1989

இதையாவது எழுதி வைக்கவேண்டும். சில நேரம் எனக்கே இது நடந்ததுதானா என்று வருகிறது.

மரியமலரின் அப்பப்பா சவிரிமுத்து, அறுபது வருடத்துக்கு முன் மன்னார்க் காட்டுக்குள் வண்டி கட்டிக்கொண்டு போய், வீரைமுறிப்பு என்ற இடத்தில் காடு வெட்டிக் குடியேறிய முதல் ஆள். முதல் வருடமே மூத்த பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. பங்குச் சேமக்காலை பதினொரு மைல். ஆறு பெருகி வழி இல்லை. மனுசன் தன் காணி மூலையிலேயே பிள்ளையைத் தாட்டுவிட்டார். பிறகு பங்குச் சுவாமி சைக்கிளில் வந்து அந்தக் கால் ஏக்கரை மந்திரித்துக் கொடுத்தாராம். அன்று தொடக்கம் அது அந்தக் குடும்பத்தின் சேமக்காலை. கூடவே ஒரு சட்டமும் வந்தது. அந்த இரத்தம் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் அங்கேதான் வந்து படுக்கவேண்டும். மருமகள்மாருக்கு இடம் உண்டு. மருமகன்மாருக்கு இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

1964இல், கலியாணத்துக்கு மறுநாள் காலை, பட்டு வேட்டியோடு என்னை அங்கே கூட்டிப்போய் நாலு கருங்கல்லைக் கையில் தந்தார்கள். அவளுடைய தாயின் குழிக்கு அடுத்த இடத்தை அளந்து கயிறு கட்டியிருந்தது. நாலு மூலையிலும் மாப்பிள்ளைதான் கல் நடவேண்டும். உங்கள் பிள்ளையைத் திருப்பித் தருவேன் என்று அதற்கு அர்த்தம். எனக்கு இருபத்தாறு வயது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நட்டேன். யாழ்ப்பாணம், குருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நீ எங்கையடா கிடக்கப் போறாய்?" என்றுதான் கேட்டா.

5 மார்ச் 1989

செபமாலைமுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். மரியமலரின் தம்பி. ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. நாள் முழுக்கப் பொதி அனுப்புகிறவன் என்பதாலோ என்னவோ, அக்காவையும் அனுப்பிவிடலாம் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை.

நவம்பரிலேயே அனுப்பியிருப்போம். கொழும்பில் ஊரடங்கு, கடையடைப்பு. பெட்டியோடு மன்னாருக்கு ஓட ஒரு வாகனக்காரனும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இங்கே வைத்தோம். தகரம் அடித்து ஈயம் ஊற்றிய பெட்டி. கவுன்சில் கந்தோரில் இருந்த பெண், ஒருவருக்கு மட்டுமா, இரண்டு பேருக்கு ஆழமாக வெட்டவா என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாய் திறக்கமுதல் இவன் ஒரு விரலைக் காட்டினான்.

"ஒண்டு காணும் அத்தான். அக்கா இதுக்குள்ளை இருக்கப் போறேல்லை. ஆழம் குறைஞ்சால் எடுக்கிறதும் சுகம்."

நான் கையெழுத்துப் போட்டேன். சரியாகத்தான் பட்டது. அந்த வாரம் எனக்கு எதுதான் பிழையாகப் பட்டது?

22 ஆகஸ்ட் 1989

உடலை வெளியே எடுக்க ஹோம் ஒபிஸ் அனுமதி வேண்டுமாம். விண்ணப்பத்தில் 'காரணம்' என்று கேட்டு ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள். குடும்ப வழக்கம் என்று எழுதினேன். அந்தக் குடும்பத்தில் நான் சேர்த்தியா இல்லையா என்று யோசித்ததில் அரை மணித்தியாலம் போனது. ஷிப்ட்டுக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

9 மே 1990, புதன்

அனுமதி வந்துவிட்டது. தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருடமாக ஊரார் கடிதத்தை எல்லாம் பிரிக்கிறேன், எனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கக் கை வரவில்லை. ஜூலை 21 விமானத்தில் இடம் போட்டாயிற்று. செபமாலைமுத்து ரெலிபோனில் அழுதான்.

"அத்தான், அக்கா வீட்டை போறா."

"ஓம்" என்றேன். சோறு வைத்தேன், சாப்பிட்டேன், கோப்பையைக் கழுவினேன். பிறகுதான் வந்தது யோசனை. ஜூலைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வது?

17 ஜூன் 1990

ஊரில் மறுபடியும் சண்டை. ஒரு வாரமாகிறது. மன்னார்ப் பாதை பூட்டு. விமானச் சீட்டை ரத்துச் செய்யும்படி செபமாலைமுத்து சொன்னான்.

நான் பூசைக்குப் போய் முழங்காலில் நின்றேன். செத்தவர்களுக்காக மன்றாடத்தான் நின்றேன். ஆனால் என் மனத்தில் இருந்தது அது இல்லை. அவள் போகமாட்டாள், இங்கேயே இருப்பாள் என்ற நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். அங்கை சனம் சாகுது, பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளை ஓடுது, நான் இஞ்சை இருந்து — சீ. இதை நான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வேன்? பத்துக் கற்பனையில் எதற்கு விரோதமான பாவம் இது?

2 நவம்பர் 1991

ஆத்துமாக்கள் திருநாள். குழியில் மெழுகுதிரி கொளுத்தினேன். காவற்காரன் வந்து ஊதி அணைத்தான். புல் பற்றிவிடுமாம். மழை பெய்துகொண்டிருந்தது.

7 பெப்ரவரி 1993

சிலுவை உக்கி விழுந்துவிட்டது. இது மூன்றாவது. ஒரு கல்லை வைத்திருந்தால் இந்தச் சோலி இல்லை. கல் வைத்தால் செபமாலைமுத்து என்ன சொல்லுவான்? அவள் என்ன சொல்லுவாள்?

அதுதான் எனக்குத் தெரியவில்லை. போகவேணும் என்றோ இருக்கவேணும் என்றோ அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. இருபத்துநாலு வருடம் ஒரே கட்டில். பிள்ளை குட்டி இல்லை, பேசுவதற்கு நேரத்துக்கும் குறைவில்லை. நான் கேட்கவும் இல்லை. என்ன மனுசன் நான்.

8 ஜனவரி 1995

போர் நிறுத்தம். காலை ஏழு மணிக்கே செபமாலைமுத்துவின் ரெலிபோன். பழைய அனுமதி காலாவதி, புதிதாக எழுதவேண்டுமாம். குழி என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. படிவத்தைத் தபாலில் அனுப்புகிறான். வரட்டும். வந்தபிறகு பார்க்கலாம்.

4 மார்ச் 1995, சனி

வீரைமுறிப்பிலிருந்து தவமலரின் கடிதம். மரியமலரின் ஒன்றுவிட்ட தங்கை. எல்லாரும் ஓடிய பிறகும் அந்தக் காணியை விட்டு அசையாமல் இருக்கிற ஒரே ஆள். ஐந்து வருடத்தில் முதல் கடிதம். நாலு தரம் வாசித்துவிட்டேன்.

தீவுப்பகுதியிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் மூன்று வருடமாக அவர்கள் காணியில் கொட்டில் போட்டு இருந்ததாம். மலேரியா. முதலில் ஒரு பிள்ளை செத்ததாம். வைக்க இடமில்லாமல் தகப்பன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தானாம். "அப்பப்பாவும் இப்படித்தானே இருந்திருப்பார் என்று நினைத்தேன் அத்தான். சேமக்காலைப் படலையைத் திறந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு நாற்பதுக்குமேல் குழி. சட்டம் போய்விட்டது. அவளைக் கேட்க ஆளும் இல்லை.

கடைசிப் பக்கம்தான் என்னைப் பிடித்து உலுப்புகிறது. 93 மார்கழியில் கமலாம்பிகை என்று ஒரு இளம்பெண். புருசன் லண்டனில். அவள் சைவம், எரிக்கவேண்டும். விடாத மழை, காய்ந்த விறகு ஒரு கட்டுக்கூட இல்லை. வேறெங்கும் வெள்ளம் நின்றது. மேட்டில் மிஞ்சிக் கிடந்தது ஒரே ஒரு இடம். "நீங்கள் மலரக்காவுக்குக் கல் நட்ட இடத்தில் அந்தப் பிள்ளையை வைத்தேன். எங்கள் பெரியம்மாவுக்குப் பக்கத்தில். என்னை மன்னியுங்கோ. புருசன்காரன் பெயர் யோகராஜா. ஹரோ என்ற இடத்தில் பெற்றோல் செட்டில் வேலை என்று சொன்னவள். கண்டால் சொல்லுங்கோ, அவள் தெருவில் கிடக்கவில்லை என்று."

5 மார்ச் 1995

செபமாலைமுத்து வந்தான். கடிதத்தை வாசித்தான். முகம் கறுத்துவிட்டது.

"உந்தத் தவமலருக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?"

"ஆரிட்டைக் கேக்கிறது? நீ இஞ்சை, நான் இஞ்சை."

"அந்தப் பிள்ளையை எடுத்து மற்றப் பக்கம் வைக்கச் சொல்லுங்கோ. அது அக்கான்ரை இடம். நீங்கள்தானே கல்லு நட்டனீங்கள்?"

நட்டது நான்தான். படிவத்தை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பாதை திறந்திருக்கும்போதே செய்யவேண்டும், எந்த நேரமும் பூட்டுவான்கள் என்றான். அவன் சொல்வதும் நியாயம். அவளுடைய தாய் அங்கே. தகப்பன் அங்கே. எனக்கு அவள் இருபத்துநாலு வருடம், அவர்களுக்கு அவள் பிறந்ததிலிருந்து. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கை போகுதில்லை?

18 மார்ச் 1995

ஹரோ. மெற்றோபொலிற்றன் லைனில் இறங்கி நடந்தேன். பெற்றோல் செட் ஆறு பார்த்தேன். இரண்டில் தமிழ்ப் பெடியள். யோகராஜா என்று இருவரைத் தெரியுமாம், ஒருவர் கணக்காளர், மற்றவருக்கு அறுபது வயது. கால் வீங்கிவிட்டது. நான் ஏன் இதைச் செய்கிறேன்? தவமலர் சொன்னதற்காகவா, கையெழுத்தைத் தள்ளிப்போடவா?

25 மார்ச் 1995

கண்டுபிடித்தேன். முப்பது வயது வராது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தான். மனைவியின் பெயரைச் சொன்னதும் கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தான். செத்துப்போனது அவனுக்குத் தெரியும், கொழும்பிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆரோ சனம் பார்த்துச் சவம் எடுத்தது என்று மட்டும் சொன்னார்களாம். அதற்குமேல் ஒன்றும் தெரியாமல் பதினைந்து மாதம் இருந்திருக்கிறான்.

"ஆர் கொள்ளி வைச்சது ஐயா?"

இதை எதிர்பார்க்காமல்தான் போனேன். எரிக்கவில்லை, தாட்டது என்று எப்படிச் சொன்னேனோ. மழையைச் சொன்னேன். விறகைச் சொன்னேன். எங்கள் ஆட்களின் இடம், மந்திரித்த மண் என்று சொன்னேன். மந்திரித்த மண்ணை வைத்து அவன் என்ன செய்வான்? அது மரியமலருக்கு, அவளுடைய தாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்த இடம் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உங்கடை இடமெண்டால் எடுங்கோ ஐயா. எடுத்து எரிக்கச் சொல்லுங்கோ. செலவை நான் அனுப்புறன்."

அப்படியானால் எல்லாருக்கும் சரி. செபமாலைமுத்துவுக்குச் சரி, இவனுக்குச் சரி. எனக்குத்தான் சரியில்லை. பஸ்ஸில் வரும்போது இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

2 ஏப்ரல் 1995

யோகராஜா வீடு தேடி நோர்பரிக்கே வந்துவிட்டான். இரண்டு இரவு ஷிப்ட் செய்த கண். தேத்தண்ணி கொடுத்தேன், ஆறிப்போனது.

"ஐயா, எடுக்கச் சொல்லாதேங்கோ. ஒரு கிழமையா யோசிச்சன். அவவுக்குச் சின்னனிலையே தாய் செத்திட்டுது. ஒரு தாய்க்குப் பக்கத்திலை கிடக்கிறா எண்டு சொன்னியள். கிடக்கட்டும்."

பிறகு, அதில் தனக்கு உரிமை இல்லை என்று தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அழவில்லை. நான்தான் அழுதேன். வந்தவனுக்கு முன்னால் ஒரு கிழட்டு மனுசன் மூக்கைச் சிந்திக்கொண்டு.

9 ஏப்ரல் 1995, குருத்தோலை ஞாயிறு

செபமாலைமுத்துவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். கையெழுத்து வைக்கமாட்டேன். அவள் இங்கேதான்.

"ஆரோ ஒருத்தியின்ரை புருசனுக்காக அக்காவை விடுறியளோ?"

அவனுக்காக இல்லை என்றேன். எனக்காக என்றேன். எனக்கு அவள் வேணும். முப்பது வருடத்தில் இதை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன், அதுவும் அவளுடைய தம்பிக்கு. அவன் ரெலிபோனை வைத்துவிட்டான்.

சந்தோசமாக இருக்கவேண்டும் நான். இல்லை. வாக்கை முறித்த ஆள் நான். மாமியின் முகத்தில் விழிக்கமுடியாது. மாமி செத்து நாற்பது வருடம். அப்படியும் முடியாது.

20 ஏப்ரல் 1995

மறுபடியும் சண்டை. செபமாலைமுத்து எடுத்தான்.

"நியூஸ் பாத்தனீங்களோ அத்தான்?"

"ஓம்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான். இந்த முறை எனக்கு நிம்மதி வரவில்லை. அது மட்டும் ஒரு ஆறுதல்.

13 ஜூன் 1995, செவ்வாய்

கல் வைக்க விண்ணப்பம் கொடுக்கக் கவுன்சில் கந்தோருக்குப் போனேன். அப்படியே, எனக்கும் அதே குழிதான் என்று பதிந்துவிடுங்கள் என்றேன். அந்தப் பெண் பெரிய புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். ஒருவருக்கு வெட்டிய ஆழம். மேலே இன்னொரு பெட்டி வைக்க மண் காணாது. இப்போது தோண்டி ஆழமாக்க முடியாதா என்றேன். முடியாது. மற்றப் பக்கத்துக் குழி? எண்பத்தொன்பதிலேயே நிரம்பிவிட்டது. அந்த வரிசையே முடிந்து, புதியவை எல்லாம் ரெயில் பாதைப் பக்கம்.

நாற்காலியில் இருந்துவிட்டேன். வீரைமுறிப்பில்தான் மருமகனுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தேன். இங்கே நானே கையெழுத்துப் போட்டு என்னை வெளியில் நிறுத்தியிருக்கிறேன்.

சாம்பல் என்றால் வைக்கலாம், இரண்டு அடி காணும் என்று சொன்னாள். கருணையாகத்தான் சொன்னாள். எழுந்து வந்துவிட்டேன்.

30 ஜூலை 1995

சாம்பல். ஆறு கிழமையாக இதே யோசனை. குருநகரில் எங்கள் பரம்பரையில் ஒருவரையும் எரித்ததில்லை. அடுப்பில் கை சுட்டாலே மூன்று நாள் ஊரைக் கூட்டுகிறவன் நான்.

பூசைக்குப் பிறகு சுவாமியைக் கேட்டேன். திருச்சபை அனுமதித்து முப்பது வருடத்துக்கு மேலாகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி நாளில் எழும்ப எலும்பாவது வேண்டாமா சுவாமி என்றேன்.

"கடலிலை போனவனையும் காட்டிலை போனவனையும் எழுப்புவாரெண்டு நம்புறியள். றெஜினோல்ட், உங்களைக் கண்டுபிடிக்க மட்டும் கஷ்டப்படுவாரோ?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் குழம்பினேன். முழு உடம்போடு ரெயில் பாதைப் பக்கம் தனியாகவா, பிடி சாம்பலாக அவளோடா? சில நாள் காலையில் ஒன்று சரியாகப் படுகிறது. பின்னேரம் மற்றது.

2 நவம்பர் 1995

ஆத்துமாக்கள் திருநாள். யோகராஜா வந்திருந்தான், ஒரு செவ்வந்திக் கட்டோடு. எங்கே வைக்கலாம் என்று கேட்டான். அவளுடைய தலைமாட்டைக் காட்டினேன். வைத்துவிட்டுக் கைகட்டி நெடுநேரம் நின்றான். யாருக்கு நின்றான் என்று நான் கேட்கவில்லை. பிறகு செபமாலைமுத்துவும் வந்தான், அரை வருடத்தில் முதல் தரம். இவர்தான் யோகராஜா என்றேன். போகும்போது அவன் யோகராஜாவை ஸ்ரேசன் வரைக்கும் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

14 நவம்பர் 1995, செவ்வாய்

மூன்று பேருமாகக் கவுன்சில் கந்தோருக்குப் போனோம். நான் முடிவெடுத்துவிட்டேன் என்று எழுத விருப்பம். உண்மையில், சாம்பலுக்கான படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை எனக்குத் தெரியாது.

எரிப்பதை முன்னின்று நடத்துபவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள். செபமாலைமுத்துவைப் பார்த்தேன்.

"என்னாலை ஏலாது அத்தான். உங்களை நெருப்புக்குள்ளை விட்டிட்டு நிக்க ஏலாது."

யோகராஜா கதவோரம் நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை.

"ஐயா, அதை நான் செய்யிறன். என்ரை பேரை எழுதுங்கோ. எனக்கு அந்தக் கடமை ஒண்டு செய்யக் கிடைக்கேல்லை."

எழுதினேன். மகனுக்கு எழுதவேண்டிய வரியில் தீவுப்பகுதிச் சைவப் பெடியன் ஒருவனின் பெயர். என் எழுத்து நேராகவே நின்றது. சாட்சிக் கையெழுத்தைச் செபமாலைமுத்து போட்டான்.

பிறகு கந்தோர்ப் பெண் கல்லுக்கான கடதாசியை எடுத்தாள். மரியமலரின் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, வீரைமுறிப்பு. அவ்வளவுதான் என்று கொடுக்கப் போனேன். செபமாலைமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கீழை இடம் விடச் சொல்லுங்கோ அத்தான். உங்கடை பேர் எங்கை வாறது?"

இரண்டு வரி விடச் சொன்னேன்.